மெண்டோசா: 92-வது நிமிஷத்துல சென்னையை ஜெயிக்க வெச்ச கொலம்பியாக்காரர்!

ஆலங்குளத்துல பஸ் ஏறி, சிவகாசி போய்ச் சேர்றதுக்குள்ள உங்க போன்ல எத்தனை மெஸ்ஸி ரீல்ஸ், எத்தனை நெய்மர் ரீல்ஸ் ஓடும்? ஆனா, நம்ம சென்னை டீமுக்காகவே ஆடி, கோப்பையைத் தூக்கித் தந்த ஒரு தென் அமெரிக்க ஸ்ட்ரைக்கரை உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் ஸ்டீவன் மெண்டோசா.

1992-ல் கொலம்பியாவின் பால்மிரா நகரில் பிறந்தவர். சுத்திலும் கரும்புக்காடு உள்ள ஊர். ஐ.எஸ்.எல் தொடங்கிய 2014-லேயே சென்னையின் எஃப்.சி அணிக்கு வந்துட்டார். அப்போ எல்லார் கண்ணும் பிரேசில் நட்சத்திரம் எலானோ மேலதான். மெண்டோசாவுக்கு வயசு 22, பெரிய பேரும் இல்லை. ஆனா, வேகம் இருந்தது. பந்து காலுக்கு வந்ததும் டிஃபெண்டர்களைப் பின்னால ஓடவிடுற வேகம்!

அடுத்த வருஷம் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப் அவரை எடுத்தது. அங்கே நிலையான இடம் கிடைக்கலை. அதனால லோன்ல, அதாவது இரவல் ஆட்டக்காரரா, மறுபடியும் சென்னைக்கே வந்தார். அதுதான் திருப்பம்.

2015 சீசன்ல சென்னை ஒரு கட்டத்துல அட்டவணையின் அடியில கிடந்தது. மார்கோ மத்தராஸிதான் கோச். கடைசிக் கட்டத்துல வரிசையா ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்தாங்க. அதே டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல மூழ்கியது. சொந்த மைதானத்துல நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாத்தினாங்க. அங்கே கொல்கத்தாவை 3-0னு அடிச்சாங்க. அதுல ஒரு கோல் மெண்டோசாவுடையது. கொல்கத்தாவில் நடந்த ரெண்டாவது ஆட்டத்துல 2-1னு தோத்தாலும், மொத்தக் கணக்குல ஃபைனல் டிக்கெட் சென்னைக்குத்தான்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானம். எதிரணி, அந்த ஊரோட எஃப்.சி கோவா. 87-வது நிமிஷத்துல கோவா 2-1னு முன்னிலை. அவ்வளவுதான்னு டி.வி-யை ஆஃப் பண்ணினவங்க பாவம்! 90-வது நிமிஷம், கோவா கோல்கீப்பர் கட்டிமணியாலேயே சேம்சைடு கோல். 2-2. அடுத்த ரெண்டே நிமிஷத்துல, இன்ஜுரி டைம்ல, மெண்டோசா பந்தை வலைக்குள்ள தள்ளினார். 3-2. சென்னைக்கு முதல் ஐ.எஸ்.எல் கோப்பை.

அந்த சீசன்ல அவர் அடிச்சது 13 கோல். கோல்டன் பூட் விருதும் அவருக்கே.

'ஐ.எஸ்.எல்-னா ரிட்டயர் ஆகப்போற ஸ்டார்கள் கடைசியா சம்பாதிக்க வர்ற இடம்'னு அப்போ கிண்டல் பண்ணுவாங்க. பாதி உண்மைதான், டெல் பியரோ, ட்ரெஸ்கே எல்லாம் அப்படித்தான் வந்தாங்க. மெண்டோசா கதை நேர் எதிர். அவருக்கு இது ஏணி. 2016-ல் நியூயார்க் சிட்டி அணிக்குப் போனார். அங்கே கூட ஆடினவங்க டேவிட் வியா, பிர்லோ, லாம்பார்ட்! பிறகு பிரேசிலின் பாஹியா, 2018-லிருந்து பிரான்ஸின் அமியான், திரும்ப பிரேசிலில் சியாரா, 2023-ல் பீலே ஆடிய சான்டோஸ், அப்புறம் துருக்கியின் அதானா டெமிர்ஸ்போர்னு ரவுண்டு அடிச்சார். இதுல பாதி ஊர்கள்ல அவர் லோன்லதான் ஆடினார்ங்கிறதையும் மறந்துடாதீங்க. ஸ்டார் ஆகாத ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு சீசனும் ஒரு இன்டர்வியூ மாதிரி.

நேரம் கிடைச்சா யூடியூப்ல 2015 ஃபைனலைத் தேடிப் பாருங்க. 87-வது நிமிஷத்துல இருந்து பார்த்தாலே போதும்.