ஹஃப், ஜார்ஜ் (1872–1936)

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகத் தொடங்கி விளையாட்டுத் துறை இயக்குநராக உயர்ந்தவர். பிறந்ததும் அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஷாம்பேன் நகரில்தான்.

1895 முதல் 1899 வரை அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்தார். அதில் பெரிய சாதனை இல்லை. அவர் பெயரை நிலைநாட்டியது பேஸ்பால். 1896இல் ஏற்ற பேஸ்பால் பயிற்சிப் பொறுப்பை 1919 வரை சுமந்து, பல்கலைக்கழகக் கூட்டமைப்புப் பட்டங்களைப் பலமுறை வென்றுதந்தார். சிகாகோ கப்ஸ் அணிக்காகத் திறமையாளர்களைத் தேடிக்கொடுத்ததும் உண்டு. 1907இல் பாஸ்டன் தொழில்முறை அணி அவரை மேலாளராக அழைத்தது. எட்டே ஆட்டங்கள்: இரண்டில் வெற்றி, ஆறில் தோல்வி. பதவியை விட்டு உடனே இல்லினாய்சுக்குத் திரும்பினார். அவருடைய வாழ்வில் அதுவே சரியான முடிவு என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏனெனில் அவருடைய உண்மையான ஆற்றல் நிர்வாகத்தில் இருந்தது. 1901 முதல் இயக்குநர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராக இருந்த பாப் ஜுப்கியை 1913இல் கால்பந்து அணியின் பயிற்சியாளராகக் கொண்டுவந்தவர் இவர். ஜுப்கி 1941 வரை அப்பொறுப்பில் நீடித்தார். விளையாட்டுப் பயிற்சியைப் பட்டப்படிப்பாக்கிய முன்னோடிகளிலும் ஹஃப் ஒருவர். முதல் உலகப் போரில் உயிர்நீத்த இல்லினாய்ஸ் மாணவர்களின் நினைவாக, ஹஃப் இயக்குநராக இருந்த காலத்தில் எழுந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 1923இல் முதல் ஆட்டம் நடந்தது. மறு ஆண்டு, அர்ப்பணிப்பு விழா ஆட்டத்தில் இல்லினாய்ஸ் வீரர் ரெட் கிரேஞ்ச் மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் பன்னிரண்டு நிமிடங்களில் நான்கு டச்டவுன் அடித்தார்.

ஹஃப் 1936 அக்டோபரில் காலமானார். பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.