சல்லிக்காசும் ஒரு நோட்டும்

அலங்காநல்லூர் என்றதும் எல்லோருக்கும் காளை ஞாபகத்துக்கு வரும். எனக்குக் காசும் ஞாபகத்துக்கு வரும். சல்லிக்கட்டு என்ற பெயரிலேயே சல்லி இருக்கிறதல்லவா? பழைய நாளில் சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பிலே கட்டிவிடுவார்கள். மாட்டை அணைந்தவனுக்கு முடிப்புச் சொந்தம். ஊர்ப் பெரியவர்கள் பெயருக்குச் சொல்லும் விளக்கம் இது. இப்போது காரும் மோட்டார் சைக்கிளும் பரிசாக வந்துவிட்டன. சல்லி பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொம்பிலிருந்து அவிழ்ந்த காசெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி கை மாறிக் கை மாறி உருக்கு மூசைக்குள் போயிருக்கும். கொஞ்சம் அரிசிப் பானையிலும் தகர டப்பாவிலும் தங்கியிருக்கும். ஏனென்றால் மதுரையைச் சுற்றிய இந்தச் சமவெளி காசு விளைகிற மண். வைகை மணலில் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு கிடைத்திருக்கிறது. விரல் நகம் அளவுக்குத் தேய்ந்த பிற்கால ரோமானியச் செப்புக் காசும் கிடைத்திருக்கிறது. சோழ நாட்டை வென்ற மாறவர்மன் சுந்தரபாண்டியன், 'சோணாடு கொண்டான்' என்று பொறித்துக் காசு வெளியிட்டான். தஞ்சையை எரித்த வெற்றி முழக்கம், கடைசியில் யாரோ ஒரு பாட்டியின் சுருக்குப் பையில் வெற்றிலைக் காம்புகளோடு கிடந்திருக்கும்!

"செப்புக் காசுதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு மதுரைச் சுல்தான்களின் கதையைச் சொல்ல வேண்டும். 1330களில் ஜலாலுத்தீன் அஸன் ஷா டில்லியின் பிடியை உதறிவிட்டு மதுரையில் தனி அரசு அமைத்தான். மொராக்கோ யாத்திரிகன் இபன் பதூதா இங்கே வந்து தங்கினான். அதனால் ஆரம்பத்துச் சுல்தான்களைப் பற்றி நேரில் கண்டவனின் சாட்சியம் நமக்கு இருக்கிறது. அவன் கப்பலேறிப் போன பிறகு? ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்று சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களுடைய பெயரையும் வருஷத்தையும் நமக்குச் சொல்வது முக்கியமாக அவர்கள் வெளியிட்ட காசுகளே. ஹிஜ்ரி 779, அதாவது 1377-78, என்ற வருஷத்தோடு அந்தக் காசு வரிசை முடிகிறது. அவற்றை ஒரு கன்னான் உருக்கிச் செம்பு வார்த்திருந்தால், மூன்று அரசர்கள் இருந்த இடம் தெரியாமல் போயிருப்பார்கள். நாமும் அந்தச் செம்பில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்திருப்போம்.

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உழும்போதும் கிணறு தோண்டும்போதும் அகப்பட்ட காசைப் பையன்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பதிலுக்கு ஒரு பென்சிலோ நோட்டோ கிடைக்கும். வாத்தியார் ஒவ்வொரு காசையும் சிறு காகித உறையில் போட்டு நம்பர் எழுதி, கோடு போட்ட நோட்டில் பதிந்து வைத்தார். எந்தப் பையன், யாருடைய புஞ்சை, எத்தனை அடி ஆழம், என்ன மாதம் என்று எல்லாம் அதில் இருக்கும். டப்பாக்கள் நான்கானபோது, மனைவியின் முழங்கால் ஆபரேஷனும் வந்து சேர்ந்தது. காசை விற்றுவிடுவது என்று தீர்மானித்தார். என்னையும் கூட இருக்கச் சொன்னார்.

மதுரையிலிருந்து வியாபாரி வந்தார். கெட்டிக்காரர்; பொய் பேசுகிறவரும் அல்ல. வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாகச் சுண்டி ஓசை கேட்டார். 1940க்கு முந்தியதை ஒரு பக்கமும் பிந்தியதை மறு பக்கமும் வைத்தார். அந்த வருஷத்தில்தான் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. பிறகு உறைகளைக் கிழித்து, செப்புக் காசுகளை எல்லாம் தராசுத் தட்டிலே கொட்டினார்.

"வாத்தியாரய்யா, வெள்ளிக்கு வெள்ளி விலை போட்டுர்றேன். செம்பு எடைக்குத்தான். இந்தத் தகரம் வேண்டாம், நீங்களே வச்சுக்கிருங்க."

"நோட்டு?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"நோட்டை வச்சு நான் என்னய்யா செய்யப் போறேன்?"

வியாபாரியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உலோகம் வாங்க வந்தவர். ஆனால் தராசுத் தட்டில் நூறு காசும் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. உறை கிழிந்த கணமே காசு ஊமையாகிவிட்டது. எது கிணற்றிலிருந்து வந்தது, எது கண்மாய்க் கரையில் கிடந்தது என்று இனி அதைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

இந்தச் சங்கடம் புதிதல்ல. இந்தியாவிலேயே பெரிய சேகரம் ஒன்றுக்கும் இது நேர்ந்தது. அந்தக் கதையும் நம்முடைய மதுரையில்தான் தொடங்குகிறது. 1783இல் இந்தியாவுக்கு வந்த காலின் மெக்கன்ஸியை, மதுரையில் குடியிருந்த ஹெஸ்டர் ஜான்ஸ்டன் என்ற சீமாட்டி அழைத்து, இங்குள்ள பண்டிதர்களோடு பழகச் செய்தாள். அப்போது பிடித்த பைத்தியம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1815இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாகி, 1821இல் அவர் இறந்தபோது, ஏட்டுச் சுவடிகளும் சாசனப் பிரதிகளும் போக, காசுகள் மட்டும் 6,218 இருந்தன. அவருடைய விதவை எல்லாவற்றையும் கம்பெனி சர்க்காருக்கு விற்றாள். பத்தாயிரம் பவுன் கொடுத்து வாங்கியதாக, அந்தச் சீமாட்டியின் மகன் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் பிற்பாடு பார்லிமெண்ட் கமிட்டிக்குச் சொன்னார். ஹெச். ஹெச். வில்சன் 1828இல் கல்கத்தாவில் பட்டியலும் அச்சிட்டார்.

விலை நல்ல விலைதான். ஆனால் மெக்கன்ஸியின் கூடவே இருந்து ஊர் ஊராகச் செய்தி திரட்டிய காவலி வேங்கட லட்சுமய்யா, அந்த வேலையைத் தொடர அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. பொருளுக்குப் பணம் இருந்தது. பொருளை அறிந்தவருக்கு இடம் இருக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நோட்டு ஒதுக்கப்பட்டதும் இதே காரியந்தான், அளவுதான் சிறிது.

அதற்காக வாத்தியார் விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு மேலான சரித்திரம் எனக்குத் தெரிந்து எதுவும் கிடையாது. வெள்ளி ரூபாய் போகட்டும் என்றேன். விக்டோரியா ராணியும் ஐந்தாம் ஜார்ஜும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியவை அவை. அவற்றில் ஐம்பது குறைவதால் சரித்திரம் இளைத்துவிடாது. வாத்தியாரும் அப்படியே வெள்ளியை விற்றார். ஆபரேஷன் செலவில் பாதிக்கு அது வந்தது. தட்டிலே கொட்டிய செம்பை நானும் அவரும் இரண்டு நாள் உட்கார்ந்து, நோட்டில் அவர் வரைந்திருந்த படங்களோடு ஒப்பிட்டு, புது உறைகளில் போட்டோம். பத்துப் பன்னிரண்டு காசுக்குக் கடைசிவரை இடம் தெரியவில்லை. மீதியை நோட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் கொடுப்பது என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துச் சட்டம். நூறு வயது கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972ஆம் வருஷத்துச் சட்டம். எந்தக் காசு எங்கே கிடைத்தது என்று எழுதி அதோடு கட்டிவைக்க வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாமேதான் செய்ய வேண்டும்.

வியாபாரி வேண்டாமென்று தள்ளிய தகரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியாகாது. அது காசே அல்ல, வட்டமான வில்லை, ஓர் எழுத்தும் சில எண்களும் பொறித்தது. 1900களின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தபோது, போகிறவர்களுக்கு இப்படித் தகர வில்லை கொடுத்தார்கள். அதைக் காட்டினால் வழியில் பணம் கொடுக்க வேண்டாம்; செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும்; அப்புறம் அதுவே கடனாகக் கூலியின் தலையில் ஏறும். மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடல் தாண்டினார்கள்!

வாத்தியாருடைய நோட்டில் அந்த வில்லைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறது: "மூன்றாம் வகுப்புப் பையன் கொடுத்தது. அவனுடைய பாட்டனின் தாயார் கழுத்தில் கிடந்தது. கண்டிக்குப் போய்த் திரும்பி வந்தவள். பேர் அவனுக்குத் தெரியவில்லை." அந்தப் பெண்ணைப் பற்றி உலகத்தில் உள்ள எழுத்து இந்த நாலு வரிதான். தகரத்துக்கு எடை போட்டால் ஒரு ரூபாய்கூடத் தேறாது.