கும்பினி கைவிட்ட கோயில்கள்

அரசும் சமயமும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாமல் இயங்க வேண்டும் என்னும் கோட்பாட்டைப் பயிலும் சட்ட மாணவருக்குப் பாடநூல்கள் முதலில் காட்டுவது அமெரிக்காவைத்தான். அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தத்தையும், திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் எழுப்பப்பட்டுள்ளதாகக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1802இல் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தையும் படித்த பின்னரே அவர் இந்திய அரசியலமைப்பின் 25, 26ஆம் உறுப்புகளுக்கு வந்து சேர்கிறார். ஆனால் அவ்விரு உறுப்புகளுக்கு இன்றுள்ள பொருளை வரையறுத்த வழக்குகளுள் முதன்மையான சில, சென்னை மாகாணத்துக் கோயில்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் எழுந்தவை. அவ்வழக்குகளின் வேரைத் தேடிச் செல்பவர், கோயில் நிருவாகத்திலிருந்து அரசு விலகியே தீர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த ஒரு கிளர்ச்சியைச் சென்றடைவார். அதனை நடத்தியவர்கள் கிறித்தவப் பாதிரிமாரும் அவர்களோடு உடன்பட்ட ஆங்கில அலுவலருமே ஆவர்.

கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது அக்கால மக்கள் வழக்கில் கும்பினி, நாட்டை ஆளத் தொடங்கியபோது, முந்திய அரசர்களும் நவாபுகளும் கோயில்கள்மீது செலுத்திய அதிகாரம் நிலவரியோடு சேர்ந்தே அதன் கைக்கு வந்தது. 1790களில் செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், காஞ்சிபுரத்துக் கோயில்களின் நிருவாகத்தைத் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார். 1801இல் கர்நாடகப் பகுதி ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கைமாறியபோது திருப்பதியும் கும்பினியிடம் வந்தது. அக்கோயிலின் செலவு போக எஞ்சிய வருமானம் அரசுக் கருவூலத்தைச் சேர்ந்தது. அதன் அன்றாட நிருவாகத்திற்கென 1821இல் ‘புரூஸ் கோடு’ என்னும் விதித்தொகுப்பும் உருவாயிற்று. இவற்றிற்கிடையே, சென்னை அரசின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ரெகுலேஷன் (சட்டமன்றங்கள் தோன்றுவதற்கு முன் மாகாண அரசு இயற்றிய சட்டத்திற்கு வழங்கிய பெயர் அது) கோயில், பள்ளிவாசல், சத்திரம் ஆகியவற்றின் மானியங்கள் கொடையாளர் கருதிய பணிக்கே செலவாகின்றனவா என்று கண்காணிக்கும் கடமையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. வாரியத்தின் கையாகக் கலெக்டரும் அவருக்குக் கீழே தாசில்தாரும் இயங்கினர். இதைப் பக்தி என்று சொல்வதற்கில்லை. கோயில் நிலத்தின் விளைச்சல் வரிக்கணக்கோடு பின்னிக் கிடந்த நாட்டில், கோயிலை அறியாமல் ஊரின் வருவாயை அறிய முடியாது என்பதைக் கும்பினி விரைவிலேயே கண்டுகொண்டது.

இந்த ஏற்பாடு கிறித்தவ மனச்சான்றை உறுத்தியது. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்க ஆள் திரட்டித் தருமாறு கிராம அலுவலருக்கு ஆணை சென்றது. விழா நாள்களில் அரசுப் படையினர் அணிவகுத்தும் குண்டு முழக்கியும் மரியாதை செய்தனர். கிறித்தவ அரசொன்று விக்கிரக வழிபாட்டிற்குக் காவலாளாக நிற்பதாகப் பாதிரிமார் இங்கிலாந்துவரை முறையிட்டனர். அம்முறையீட்டின் பயனாக, கம்பெனி இயக்குநர்கள் 1833 பிப்ரவரியில் அனுப்பிய ஆணை, கோயில் தொடர்பை அரசு படிப்படியாக அறுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சென்னை அரசு அதனை நிறைவேற்ற விரைந்ததாகத் தெரியவில்லை. 1836இல் குருமாரும் சிவில், இராணுவ அலுவலருமாக ஏறத்தாழ 200 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றைச் சென்னையின் முதல் ஆயர் டேனியல் காரி அரசுக்கு அனுப்பினார். அரசு அதற்கு இணங்கவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் பெரிகிரின் மெய்ட்லண்ட், தம் படையினர் கோயில் விழாக்களில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தப்படுவதை ஏற்க மனமின்றி 1838இல் பதவியைத் துறந்தார். ஒரு மாகாணத்தின் தலைமைத் தளபதியே இக்காரணத்திற்காகப் பதவி விலகியது இலண்டனில் எழுப்பிய அதிர்வுக்குப் பிறகு விலகலைத் தள்ளிப்போட வழியில்லாமல் போயிற்று.

1840களின் தொடக்கத்தில் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளூர்த் தர்மகர்த்தாக்களிடமும் மடங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. திருப்பதி 1843இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்தின் பொறுப்பிற்குச் சென்றது. இவ்விலகலுக்குச் சட்ட வடிவம் தந்தது 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம். அச்சட்டப்படி கோயில் கமிட்டிகள் அமைந்தன. உறுப்பினர் அந்தந்தச் சமயத்தவராகவும் வாழ்நாள் முழுதும் பதவி வகிப்பவராகவும் இருந்தனர். கோயில் சொத்தின் மேற்பார்வையை அரசு அலுவலர் எவரும் இனி ஏற்கலாகாது என்று 22ஆம் பிரிவு தடை விதித்தது. தாளில் பார்த்தால் இது ஜெஃபர்சனின் மதிலுக்கு ஏறத்தாழ ஒப்பானதே. ஆயினும் அரசு முன்பு எடுத்துக்கொண்ட கோயில் நிலங்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் பணமாகக் கொடுத்துவந்த ‘தஸ்திக்’ என்னும் படி, கருவூலத்திலிருந்து தொடர்ந்து சென்றுகொண்டுதான் இருந்தது.

கலெக்டர் விலகிய இடத்தில் வந்து அமர்ந்தது நீதிமன்றம். வாழ்நாள் உறுப்பினர்களைக் கேட்பாரில்லாத நிலையில், கணக்குக் காட்டாத தர்மகர்த்தாவின்மீதும் அவரைத் தட்டிக் கேட்காத கமிட்டியின்மீதும் நடவடிக்கை எடுக்கப் பக்தருக்கு இருந்த வழி வழக்குத் தொடுப்பது ஒன்றே. வழக்கின் செலவோ பெரும்பாலும் கோயில் நிதியின் தலையிலேயே விழுந்தது. நீதிமன்றங்கள் கோயிலுக்குக் கோயில் ‘ஸ்கீம்’ என்னும் நிருவாகத் திட்டங்களை வகுத்துத் தந்தன. யார் எந்தக் கட்டளையை நடத்துவது, சாவி யாரிடம் இருப்பது என்பனவெல்லாம் தீர்ப்புகளில் இடம்பெற்றன. சமயத்திலிருந்து அரசைப் பிரிக்க எழுந்த சட்டம், அரசின் இன்னோர் அங்கமாகிய நீதித்துறையை முன்னெப்போதும் இல்லாத அளவு கோயிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. பின்வந்த நூற்றாண்டின் போக்கை அறிய விரும்புவோர் இந்த இடத்தைத்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரசு மீண்டும் தலையிட வேண்டும் என்ற கோரிக்கை இந்துக்களிடமிருந்தே பலமுறை எழுந்தது; வரைவுகள் பல வந்து வந்து மடிந்தன. இறுதியில் நீதிக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசர் 1922இல் கொணர்ந்த மசோதா, கடும் எதிர்ப்பையும் தலைமை ஆளுநரின் தயக்கத்தையும் கடந்து 1925ஆம் ஆண்டின் 1ஆம் சட்டமாயிற்று. அதன் செல்லுபடி கேள்விக்குள்ளானதால் 1927இல் மீண்டும் இயற்றப்பட்டது. இந்து சமய அறநிலைய வாரியம் அவ்வாறு பிறந்தது. 1951ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம் வாரியத்தை நீக்கி, ஆணையரின் தலைமையில் அரசுத் துறையையே நிறுவியது.

அதற்குள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. அரசுக்கு எச்சமயத்தோடும் தொடர்பு இருக்கலாகாது என்று அரசியல் நிருணய சபையில் 1948இல் கே. டி. ஷா முன்மொழிந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. 25ஆம் உறுப்பு தனிமனிதரின் சமய உரிமையை அறிவித்த கையோடு, சமய வழக்கத்தைச் சார்ந்த பொருளியல், நிதி, பிற உலகியல் செயல்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 26ஆம் உறுப்பு சமயப் பிரிவினர் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்தலாம் என்றும், சொத்தைச் ‘சட்டத்திற்கு இணங்க’ நிருவகிக்கலாம் என்றும் கூறியது. இவ்வாறு எல்லைக்கோடு கோயிலுக்கும் அரசுக்கும் நடுவே இல்லாமல் கோயிலுக்குள்ளேயே, பூசைக்கும் கணக்குப் புத்தகத்திற்கும் இடையில், வரையப்பட்டது.

அக்கோடு சரியாக எங்கே விழுகிறது என்பதைக் கேட்ட முதல் பெருவழக்கு, அன்று சென்னை மாகாணத்தில் அடங்கிய தென் கன்னட மாவட்டத்து உடுப்பியிலிருந்து வந்தது. மத்துவர் மரபின் எட்டு மடங்களுள் ஒன்றாகிய ஷிரூர் மடத்தின் தலைவர், உடுப்பிக் கிருஷ்ணன் கோயில் பூசை இரண்டாண்டுக்கு ஒருமுறை மடத்துக்கு மடம் மாறிவரும் ‘பரியாயம்’ என்னும் முறையில் தமக்குரிய காலத்துச் செலவால் கடன்பட்டிருந்தார். மட நிருவாகத்தில் அறநிலைய வாரியம் தலையிட முற்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1951இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்ற எழுவர் அமர்வின் சார்பில் 1954இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பி. கே. முகர்ஜியா, மார்மன் சமயத்தவரின் பலதார மணம் தொடர்பான 1890ஆம் ஆண்டு அமெரிக்க வழக்கொன்றில் சமயம் என்பதைப் படைத்தவனோடு மனிதனுக்குள்ள உறவு பற்றிய கருத்து என வரையறுத்திருந்ததை எடுத்துக்கொண்டு, படைத்தவன் ஒருவனை ஏற்காத பௌத்தமும் சமணமும் வழங்கும் நாட்டிற்கு அது பொருந்தாது என்று விலக்கினார். நம்பிக்கை மட்டுமன்றிச் சடங்கும் சமயமே. எது சமயத்தின் இன்றியமையாப் பகுதி என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே காண வேண்டும். குறித்த வேளையில் நைவேத்தியம் படைக்க வேண்டும் என்று சமயம் விதித்தால், பணம் செலவாகிறது என்பதற்காக அது உலகியல் செயலாகிவிடாது என்பன அத்தீர்ப்பின் சாரம்.

மடங்களின் வருமானத்தில் 5 விழுக்காடுவரை அரசுக்குச் செலுத்தக் கோரிய, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு மற்றொரு காரணத்தால் வீழ்ந்தது: தண்டிய தொகை செய்த பணிக்கு ஈடான கட்டணமாக இல்லாமல் அரசின் பொது நிதியில் கலந்ததால் அது வரியாகும், அத்தகைய வரி மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. கோயில் பணம் அரசுக்குச் செல்வதை நீதிமன்றம் தடுத்த இரண்டே ஆண்டில், அரசுப் பணம் கோயிலுக்குச் செல்வதை அரசியலமைப்பே கட்டாயமாக்கியது என்பதையும் இங்கே சேர்த்துக் காணலாம். 1956இல் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நுழைக்கப்பட்ட 290அ உறுப்பு, திருவிதாங்கூர்-கொச்சியிடமிருந்து வந்த கோயில்களுக்காக ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தமிழ்நாட்டுத் தொகுநிதியிலிருந்து தரப்பட வேண்டும் என்கிறது. மதிலைப் பற்றிப் படித்துவிட்டு வரும் மாணவர் இந்த உறுப்பைக் கண்டு திகைப்பது இயல்பே.

இன்றியமையாப் பகுதியைச் சமயத்தைக் கொண்டே காண வேண்டும் என்ற விதி நாளடைவில் நீதிபதிகளின் கைகளில் வேறு வடிவம் கொண்டது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து கிளைத்த வழக்கங்களைச் சமயத்திலிருந்து பிரித்து விலக்க வேண்டியிருக்கும் என்று எழுதியதோடு, எது சமயம் என்று சொல்லும் பொறுப்பு சமயத்தாரிடமிருந்து நீதிமன்றத்திற்கு நகர்ந்தது. தமிழ்நாடு அரசு 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்ததை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் வந்த தீர்ப்பு, எல்லைக்கோட்டை அர்ச்சகரின் ஊடாகவே வரைந்தது எனலாம்: அவரை நியமிப்பது உலகியல் செயல் என்பதால் பரம்பரை ஒழிப்பு செல்லும், ஆனால் நியமனம் பெற்றவர் செய்யும் பூசை சமயச் செயல் என்பதால் ஆகமம் விதித்த தகுதியை மீற இயலாது. சிதம்பரம் நடராசர் கோயிலிலோ வழக்கு ஷிரூர் காலத்திலேயே தொடங்கிற்று. அக்கோயிலுக்கு நிருவாக அலுவலரை நியமிக்கும் அரசின் முயற்சியை 1951இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 1980களில் அரசு மீண்டும் முயன்றது. 2009இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, முறைகேட்டைக் களைவதற்காக அரசு நிருவாகத்தை ஏற்கலாமாயினும், அதனைக் களைந்ததும் உரியவரிடம் திரும்ப ஒப்படைத்தாக வேண்டும் என்று கூறி, கோயிலை அதன் அர்ச்சகர் சமூகமாகிய பொது தீட்சிதர்களிடமே விட்டது.