சுருக்கிச் சொன்னவர்கள்

என் தமக்கை மகன் கம்ப்யூட்டர்க்காரன். போன மாதம் ஒரு நாள், இலை போட்டாயிற்று என்று சொல்லியும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தான். ஒரு நூலகத்துக்காக அவன் செய்த செயலி, புத்தகப் பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்புவதற்குள் யுகமாகிறதாம்.

"சர்வரில் ஜிஸிப் போட்டிருக்கிறேன் மாமா. ஆனாலும் தகவல் சுருங்காமலே போகிறது!"

சாப்பாடு ஆறிய பிறகு காரணம் அகப்பட்டது. எஞ்ஜின்எக்ஸ் என்ற அந்த சர்வர், சுருக்கு என்று சொன்னாலும் ஹெச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்குமாம். ஜேசான் வடிவில் போகும் தகவலையும் சுருக்கு என்று தனியாக ஒரு வரி எழுதவேண்டும். எழுதிவிட்டுத் தூங்கப் போனான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வித்தையின் பூர்வோத்தரத்தைத் தேட ஆரம்பித்தேன்.

1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர், தம் மாணவர்களிடம் பரீட்சை எழுதுங்கள், அல்லது இந்தக் கணக்குக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள் என்றார். எழுத்துக்களுக்கு மிகக் குறுகிய குறியீடு அமைப்பது எப்படி என்பது கணக்கு. அதை ஃபானோவே முழுதாகத் தீர்த்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை. (வாத்தியார்களின் இந்த சாமர்த்தியம் எல்லா தேசத்துக்கும் பொது போலிருக்கிறது.) டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பரீட்சைக்கே படித்துவிடலாமென்று குறிப்புக்களைக் குப்பையில் எறியப் போன சமயம் விடை பளிச்சிட்டது. மற்றவர்கள் மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மிக அபூர்வமாக வரும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துக் கீழிருந்து ஏறினார். அவ்வளவுதான்! 1952-ல் அது அச்சாயிற்று.

1977-ல் ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் என்ற இஸ்ரேலியர் இருவர் வேறொரு யுக்தி கண்டார்கள். முன்பே வந்த சொல் மறுபடி வந்தால் எழுதாதே. "இத்தனை எழுத்துப் பின்னால் போய் இத்தனை எழுத்து எடுத்துக்கொள்" என்று மட்டும் சொல். நூலகப் பட்டியலில் "ஆசிரியர்", "பதிப்பகம்" என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் திரும்பத் திரும்ப வருகிறதல்லவா? அங்கே இதைவிட லாபம் வேறில்லை.

இவ்விரண்டையும் இணைத்து டிஃப்ளேட் என்ற முறையை அமைத்தவர் ஃபில் காட்ஸ். அக்காலத்தில் வழங்கிய வேறொரு முறைக்குக் காப்புரிமைத் தொல்லை இருந்ததால், அதற்கு மாற்றாக 1992-ல் கெய்லியும் அட்லரும் ஜிஸிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அதற்குள்ளும் வேலை செய்வது டிஃப்ளேட்தான். காட்ஸ் 2000-ல் மில்வாக்கி நகரத்து விடுதி அறையொன்றில் தனியாக இறந்து கிடந்தார். வயது 37. அதைப் படித்தபின் வெகுநேரம் விளக்கை அணைக்கத் தோன்றவில்லை.

காலையில் மருமகனிடம் கேட்டேன்: "இவ்வளவு நல்ல வித்தையை எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன?"

"வேண்டாம் மாமா" என்றான். 2013-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இதிலிருந்த ஓட்டையைக் காட்டினார்களாம். ரகசியமும் வெளியார் அனுப்பிய சொல்லும் ஒரே பதிலில் சேர்ந்து சுருங்கினால், அவர்கள் ஊகம் சரியாக இருக்கும்போது பதிலின் நீளம் கொஞ்சம் குறையும். பூட்டிய பெட்டியானாலும் நீளம் வெளியே தெரிகிறதே! அப்படி ஒவ்வோர் எழுத்தாக ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

புத்தகப் பட்டியலில் ரகசியம் ஏது? அதனால் அந்தச் செயலியின் பாதைக்கு மட்டும் வரியை வைத்துவிட்டு, அங்கத்தினர்கள் கடவுச்சொல் கொடுத்து நுழையும் பாதையைச் சுருக்காமல் விட்டிருந்தான்.

"ஹஃப்மன் பரீட்சை எழுதினாரா, மாமா?" என்று கேட்டான், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"இல்லையடா, தப்பித்தார்."