கண்மாயும் மரமும் ஒரே கட்டுமானம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைக்கு அப்பாலுள்ள சரிவே வாங்கிக்கொள்கிறது. இந்த ஊர் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களைத்தான். அப்போது கொட்டும் மழையும் சரிவில் தங்காமல் வைப்பாற்றுப் பக்கம் ஓடிவிடும். அதை மறித்து நிறுத்தவே சங்கிலித் தொடராகக் கண்மாய்கள் வெட்டப்பட்டன: ஒன்று நிரம்பிக் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால் அடுத்தது பெருகும். இந்த ஊரின் பெரியகுளம் கண்மாயைப் பாசனத்துக்கு மட்டுமே உரியதாக எண்ணுவது பிழை. வெள்ளம் தெருவுக்கு வராமல் காத்த வடிகாலும் கண்மாய்தான். அதில் மரத்துக்கும் பங்கு உண்டு. கரையில் பனை வேரோடி மண்ணைக் கவ்வும். ஈரம் தங்கும் ஓரங்களில் மருது செழிக்கும். பெரியாழ்வாரின் நந்தவனத்துத் துளசியடியில் ஆண்டாள் கிடைத்தாள் என்ற மரபைப் போற்றும் ஊருக்கு, செடி வளர்ப்பது புதிய பாடமல்ல.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பாடக் கூடாது என்பார்கள். நியாயமான எதிர்ப்பு. கரை காக்கவும் மடை திறக்கவும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே நிறுத்தப்பட்டார்கள். கரை உடையும் வேளையில் ஆட்களை வலிந்து அழைக்க, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய வேலைச் சட்டமும் இடம் தந்தது. மீட்க வேண்டியது அந்த அடிமைமுறையை அல்ல, நீர் ஓடும் வழியை. பராமரிப்பு இன்று கூலி பெறும் பணியாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் அரசு புதுப்பித்தபோது தூர்வாரலே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால், ஆழப்படுத்திய கண்மாய்க்கும் நீர் வராது.

குடிநீர் குழாயில் வரும்போது குளம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. குழாய் குடிநீரைத் தரும். மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெய்யும் மழையைக் கொண்டுபோகாது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு வீட்டுக்கூரை நீரை மண்ணில் இறக்கும். தெருநீருக்குக் கால்வாயும் குளமும் வேண்டும். அந்தக் கால்வாய்களில் மண்டும் சீமைக் கருவேலம் கரிக்கும் விறகுக்கும் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது மண்டிய வரத்துக்காலில் நீர் தடைபடுகிறது. அதை அகற்றினால் மட்டும் போதாது. வெறும் கரை மழையில் கரையும், அந்தச் செடியே மீண்டும் முளைக்கும். வெட்டிய இடத்தில் அதே பருவத்தில் பனை, மருது, புங்கம் நட வேண்டும். ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பழம்பெருமையாகப் போற்றும் ஊரின் நகராட்சி, வரத்துக்கால், கரை, மரம், கலுங்கு நான்கையும் ஒரே மரபுச் சின்னமாக வரைபடத்தில் குறித்து, அவற்றின்மேல் கட்டடம் எழ விடாமல் காக்க வேண்டும்.