திருமலைக் கல்வெட்டும் கங்கைப் படையெடுப்பும்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வார் அரியலூரைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரத்தை எளிதின் எய்தலாம். முதலாம் இராசேந்திரன் கங்கை வரை சென்ற வெற்றியின் நினைவாக எடுத்த தலைநகர் அது. ஆண்டு மேற்கு எல்லையில் அவன் தோண்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரியை, நீராலாகிய வெற்றித் தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. ஆயினும், அவ்வெற்றியின் விரிவினை அந்நகரத்துக் கோயிற் சுவரில் தேடுவார் ஏமாற்றமே அடைவர். அங்கு விளங்கும் நெடிய கல்வெட்டு அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது. கங்கைப் படையெடுப்பை ஆராய்வோர் பெரிதும் எடுத்தாளும் சான்று, வடக்கே போளூருக்கு அணித்தாகவுள்ள திருமலை என்னும் சமணத் திருப்பதியின் பாறையொன்றில் உள்ளது. வெற்றி நகரின் வரலாறு சமணர் மலையில் எழுதப் பெற்றது யாங்ஙனம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் பள்ளியும்

இற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இம்மலைக்கு அண்மையில் யான் சென்றிருந்தேன். அடிவாரத்தில் கோபுரமும், அதனையடுத்துக் கோயில்களும் உள்ளன. படியேறிச் செல்லுங்கால் ஓவியம் தீட்டிய குகை அறைகளும், பாறையிற் செதுக்கப்பெற்ற நேமிநாதர் திருவுருவும் காணப்பெறும். சிகாமணிநாதர் எனவும் வழங்கும் அத்திருவுரு ஏறத்தாழ 16 அடி உயரமுடையது. தமிழகத்துச் சமணத் திருமேனிகளுள் மிக உயர்ந்தது எனக் கருதப்படுவது. 1998-இல் அமைந்த அரிகந்தகிரி மடத்தால், இவ்விடம் இன்றும் சமணர் வந்து வழிபடும் பதியாகவே விளங்குகின்றது.

இம்மலையின் பழம்பெயர்களுள் ஒன்று எண்குணவிறைத் திருமலை. ஊரின் பெயர் வைகாவூர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்திலேயே இங்கு விளக்கிற்குக் கொடை வழங்கப்பெற்றது. இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1006 அளவில், குணவீர மாமுனிவன் என்னும் சமண முனிவர் கணிசேகர மருபொற்சூரியன் என்பாரின் பெயரால் இவ்வூரில் ஒரு கலிங்கு அமைத்தார். அதனைக் கூறும் செய்யுள் அடிவாரத்துக் கோபுரத்தின் முன்னுள்ள பாறையில் உள்ளது. துறவியர் மலைக்குகையில் நோன்பு நோற்பதோடு அமையாது, ஊரார் வயலுக்கு நீர் பாயவும் வழி கண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

இராசராசனின் தமக்கையாகிய குந்தவையின் பெயரால் இங்குக் குந்தவை சினாலயம் அமைந்தது. அவ்வம்மையாரே இராசராசபுரம் எனப்பட்ட தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனியே கோயில்கள் எடுப்பித்தவர்.

கல்வெட்டின் அமைப்பு

இராசேந்திரனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மலையின் மேற்பகுதியிலுள்ள பாறையில் வெட்டப்பட்டது. ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற் தொகுதியிலேயே இது இடம்பெற்றது. இதன் பெரும்பகுதி மெய்க்கீர்த்தி. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம், ஈழம் ஆகிய வெற்றிகளைக் கூறிப் பின் வடக்கே செல்கின்றது. தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்து இரணசூரன், வங்காள தேசத்துக் கோவிந்தசந்தன், மகிபாலன் ஆகியோர் தோல்வியுற்றதையும், உத்திரலாடமும் கங்கையும் கைப்பட்டதையும் முறைப்படுத்தி உரைக்கின்றது.

இக்கல்வெட்டில் கடாரத்தைப் பற்றிய செய்தி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 14-ஆம் ஆட்சியாண்டு முதலாகவே கடார வெற்றி மெய்க்கீர்த்தியில் இடம்பெறுகின்றது. எனவே, கங்கைப் படையெடுப்பு கடாரப் படையெடுப்பிற்கு முற்பட்டது எனத் துணிதற்கு இம்மலைப் பாறை துணை செய்கின்றது.

கொடையாளி

மெய்க்கீர்த்தி முடிந்தபின் வருவதே கல்வெட்டின் செய்தி. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயன். அவன் மனைவி சாமுண்டப்பை. அவ்வம்மை குந்தவை சினாலயத்தில் நந்தாவிளக்கு ஒன்று எரித்தற்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள். வைகாவூர் செயங்கொண்ட சோழ மண்டலத்துப் பள்ளிச்சந்தம், அஃதாவது சமணப் பள்ளிக்குரிய ஊர், என்றும் அக்கல்வெட்டுக் கூறுகின்றது. தொண்டை மண்டலத்திற்கு இராசராசன் காலத்தில் ஏற்பட்ட பெயரே செயங்கொண்ட சோழ மண்டலம். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள செயங்கொண்டம் என்னும் ஊரொடு இதனை மயங்குதல் கூடாது.

சாமுண்டப்பை என்னும் பெயரின் ஈறு கருதத்தக்கது. கன்னட நாட்டுச் சமணப் பெண்டிர் பெயர்களில் 'அப்பெ' என்னும் ஈறு பெருக வழங்கும். 1007-இல் இலக்குண்டியில் சினாலயம் எடுப்பித்த அத்திமப்பெ இதற்குச் சான்றாவார். இவ்வொப்புமை கொண்டு, சாமுண்டப்பையின் குடி கன்னடத் தொடர்புடையதாகலாம் எனக் கருத இடமுண்டு. பெயரீறு ஒன்றே கொண்டு முடிவு கூறுதல் சாலாது. அங்ஙனமாயின், சோழரும் மேலைச் சாளுக்கியரும் பொருத காலத்தில், சாளுக்கியர் தோல்வியை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தியின் கீழ் அத்தொடர்புடைய வணிகப் பெண்ணொருத்தியின் அறம் நின்றது எனல் வேண்டும். போரும் வணிகமும் வழிபாடும் தத்தம் வழியிற் சென்றன என்பதை இது காட்டும்.

இரு பகுதிகளின் தொடர்பு

மெய்க்கீர்த்தி சமணப் பதியில் இருத்தல் கொண்டு, இராசேந்திரன் இப்பள்ளியைப் புரந்தான் எனக் கூறுவாரும் உளர். அதற்கு இக்கல்வெட்டில் ஆதாரம் இல்லை. கொடை வழங்கியவன் அரசன் அல்லன், வணிகன் மனைவி. பள்ளியின் பெயரில் அரசனின் அத்தை நினைவுகூரப்படுகின்றாள், அவ்வளவே. கல்வெட்டு உரைப்பதற்கு மேலும் கொள்ளலாகாது, குறைத்தும் கொள்ளலாகாது.

குறைத்துக் கொண்ட பிழை என்னுடையதும் ஆகும். பல்லாண்டுகளாக மெய்க்கீர்த்தி இலக்கியத்தை மாணவர்க்குக் கற்பித்து வந்த யான், திருமலைக் கல்வெட்டைக் கங்கையோடு நிறுத்திவிடுவதே வழக்கமாகக் கொண்டிருந்தேன். பாடத்திற்கெனப் படியெடுத்த தாளிலும் அவ்விடத்தோடே முற்றுப்புள்ளி இட்டிருந்தேன். மலையேறிப் பாறையின் முன் நின்றபோது, எழுத்துகள் அவ்விடத்தில் நில்லாமல் தொடர்ந்து செல்லக் கண்டேன். மன்னன் பெயரையும் மல்லியூர்ப் பெண் பெயரையும் கல்தச்சன் ஒரே தொடர்ச்சியாகவே வெட்டியிருந்தான்.

மெய்க்கீர்த்தியை இயற்றியது அரசவை. எனினும், ஒருவர் ஒரு கோயிலுக்கு யாதேனும் கொடுத்து, அக்கொடையைக் கல்லில் வெட்டுவித்தபோதே அது ஊர்தோறும் சென்றது. கொடை இல்லையேல் கல்வெட்டு இல்லை. கல்வெட்டு இல்லையேல் அவ்விடத்து அரசன் புகழும் இல்லை. தன்மபாலன், மகிபாலன் முதலியோரைப் பற்றிய செய்தி திருமலையில் நமக்குக் கிட்டியது, சாமுண்டப்பை விளக்கிற்கும் அமுதிற்கும் வைத்த 30 காசினால் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திருமலைக் கல்வெட்டின் மெய்க்கீர்த்தியும் கொடைப் பகுதியும் பிரித்துக் காணத்தக்கன அல்ல என்பது பெறப்படும். முன்னது கங்கைப் படையெடுப்பின் காலத்தை வரையறுக்க உதவுகின்றது. பின்னது, சோழப் பேரரசின் உச்சக் காலத்தில் சமணப் பள்ளியொன்று அரச குடியின் பெயர் தாங்கியும் வணிகர் பொருள் பெற்றும் வாழ்ந்த நிலையைக் காட்டுகின்றது. பின்னாளில் தகடூர் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய சேரர் குடி எழினி இம்மலையில் அமைத்த இயக்கர், இயக்கியர் உருவங்களைப் புதுக்கினான் என மற்றொரு கல்வெட்டு இங்கேயே கூறும். எழினி அமைத்ததை அவன் வழியினன் புதுக்கியவாறே, முன்னோர் வைத்துச் சென்றதை முழுமையாகக் காத்தல் ஆராய்வார் கடனுமாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் வரலாற்றைக் கற்போர் திருமலைக்கும் ஒருமுறை செல்லுதல் நலம். செல்வோர் கல்வெட்டின் இறுதி வரி வரை படித்தல் வேண்டும்.