கேட்டு எழுதிய வரலாறு

வகுப்பில் மணலூர் மணியம்மாள் என்று சொன்னால் மாணவிகள் பெரியாரின் துணைவியார் மணியம்மையாரைத்தான் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நான் திருத்த வேண்டியிருக்கிறது. இவர் வேறு. தஞ்சை மண்ணில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். அந்தக் காலத்து விதவைக்கு விதித்த மூலையில் முடங்காமல், முடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டி கட்டி, சிலம்பம் பழகி, பண்ணையாட்களின் சேரிகளுக்குள் நடந்து போனவர். காங்கிரசில் தொடங்கிக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. மறு ஆண்டே ஒரு மான் முட்டி மணியம்மாள் இறந்துபோனார்.

இப்படி ஒரு வாழ்க்கை நம் பாடநூல்களில் ஒரு பத்தியாகக்கூட இல்லை. அது நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு நாவலாசிரியை. ராஜம் கிருஷ்ணன் கீழத்தஞ்சை ஊர்களுக்குப் போய், மணியம்மாளைப் பார்த்தவர்களிடமும் உடன் நின்றவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் ‘பாதையில் பதிந்த அடிகள்’. அதை நாவலாகப் படிப்பதா, வரலாறாகப் படிப்பதா என்ற கேள்வி என் வகுப்பில் தவறாமல் எழும். எழுத்துச் சான்று அதிகம் விட்டுச்செல்லாத பெண்ணுக்கு வாய்மொழியே ஆவணம். அந்த ஆவணத்தை நாவலில் பத்திரப்படுத்தினார் ராஜம் என்பதே என் பதில்.

முசிறியில் 1925இல் பிறந்த ராஜத்துக்குப் பதினைந்து வயதில் திருமணம். கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. மின்துறைப் பொறியாளரான கணவருக்கு மாற்றலான ஊர்களே அவருக்கு முதல் பள்ளிக்கூடம். ஒரு குடும்பப் பெண் கணவனோடு ஊர் ஊராகப் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. போன ஊரில் அடுப்படியோடு நின்றுவிடாமல் அந்த ஊரின் மனிதர்களைத் தேடிப் போனதில்தான் எழுத்தாளர் பிறக்கிறார். நீலகிரியின் படகர் வாழ்க்கை, தேயிலையும் பணமும் வந்தபின் அங்கே குலைந்த பழைய உறவுகள், இவையெல்லாம் ‘குறிஞ்சித்தேன்’ ஆயின. ‘வேருக்கு நீர்’ 1973இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பரிசுக்குப் பிறகும் அவர் நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. தூத்துக்குடி உப்பளங்கள், தென்கடலோர மீனவர் குடியிருப்புகள், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் வதங்கிய குழந்தைகள், பெண்சிசுக் கொலை நடந்த கிராமங்கள் என்று அவருடைய பயணம் நீண்டது.

கலை பற்றிய ராஜத்தின் பார்வையை இந்தப் பயணங்களிலேயே வாசிக்கலாம். தெரியாத வாழ்க்கையைக் கற்பனையால் நிரப்புவது அவருக்கு உவப்பில்லை. போக வேண்டும், பார்க்க வேண்டும், அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், பிறகே எழுத வேண்டும். இதற்காகவே ஒரு சாரார் அவரைக் குறைத்து மதிப்பிட்டார்கள். கள ஆய்வு நாவலாகிவிடாது, தகவல் மிகுந்தால் கலை குறையும் என்ற வாதம் இன்றும் இருக்கிறது. அவருடைய நாவல்களில் சில பக்கங்கள் அறிக்கைபோல ஓடுவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எது தகவல், எது கலை என்று பிரித்தவர்கள் யார்? ஓர் ஆணின் மனக்குழப்பம் இலக்கியமாகவும், உப்பு அறுத்த பெண்ணின் பாதம் வெறும் தகவலாகவும் தெரிவது எந்தக் கண்ணுக்கு?

‘கரிப்பு மணிகள்’ நாவலின் பொன்னாச்சியைப் பற்றிப் பேசிய ஒரு நாள், தூத்துக்குடிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “எங்க ஆச்சியும் அளத்துல வேலை பார்த்தவதான் மேடம். இதுல உள்ளது எல்லாம் நெசந்தான். ஆனா எங்க ஆச்சி எழுதியிருந்தா இப்படியா எழுதியிருப்பா?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. என்னிடமும் உடனடியாகப் பதில் இல்லை.

அவள் கேள்வி நியாயமானது. ராஜமும் மணியம்மாளும் தங்கள் தெருவைத் தாண்டிப் போனவர்கள். தாண்டிப் போகிறவருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. உப்பளத்துப் பெண்ணுக்கு அந்த அளமே வாழ்க்கை. பரிவு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இந்த இடைவெளி அழிந்துவிடுவதில்லை. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலும் பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் வந்தபோது, பிறர் சொல்லக் கேட்டு எழுதிய இடத்தில் தாமே சொல்லும் குரல் வந்து நின்றது. அதன்பின் தமிழ் நாவலில் யார் யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

அதற்காக ராஜத்தின் அடிகளை அழித்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அந்த மாணவியின் ஆச்சி எழுதவில்லை. எழுத அவளுக்குப் பள்ளியும் ஓய்வும் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் காது கொடுத்து நின்ற ஒருத்தியின் பதிவாவது நமக்கு இருக்கிறது. அதில் என்ன விடுபட்டது என்று சொல்லும் உரிமை பேத்திக்கு உண்டு. சொல்ல ஒரு பிரதி இருப்பதால்தான் அவளால் கேட்கவும் முடிந்தது.

ராஜத்தின் நூல்களை 2009இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. கணவர் மறைந்த பிறகு முதுமையில் சொந்த வீடின்றி முதியோர் இல்லத்தில் வாழ்ந்தவர், 2014 அக்டோபரில் மறைந்தார். எத்தனையோ வீடுகளுக்குள் போய்க் கதை கேட்டவரின் கடைசிக் காலக் கதையை அருகில் அமர்ந்து முழுமையாகக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?

அந்த மாணவிக்கு அந்த வாரமே ஒரு வேலை கொடுத்தேன். விடுமுறையில் ஊருக்குப் போனாள். ஆச்சி பேசப் பேச எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முதல் பக்கத்தில் ஆச்சியின் முழுப் பெயர் இருந்தது.